ஐ3-யை விட ஐ5 சீப்பா? நெய்வேலி கடை முதல் ரிச்சி ஸ்ட்ரீட் வரை... பிராசஸர் விலையின் பின்னணி என்ன? | விளக்கம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் சேரும் பிள்ளைக்கு டெஸ்க்டாப் வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினால், சீக்கிரமே இரண்டு கொட்டேஷன்கள் கைக்கு வரும். ஒன்றில் 'ஐ5 பிராசஸர், 8 ஜி.பி. ரேம்' என்று இருக்கும். இன்னொன்றில் 'ஐ3 பிராசஸர், 8 ஜி.பி. ரேம்' என்று இருக்கும். ஆனால் ஐ5 போட்ட கம்ப்யூட்டர் பாதி விலை, ஐ3 போட்டது அதைப் போல இரண்டு மடங்கு!

"ஐ5 தானே பெருசு, அப்புறம் ஏன் ஐ3-க்கு விலை ஜாஸ்தி?" என்று எந்த வீட்டிலும் கேட்கத்தான் செய்வார்கள். நியாயமான கேள்விதான். பல வீடுகளில் 'கம்மி விலைக்குப் பெரிய நம்பர் கிடைக்குதே' என்று முதல் கொட்டேஷனுக்கே பணம் கட்டிவிடுகிறார்கள். ஓரிரு வருடம் கழித்து, புது விண்டோஸ் ஏறாது என்று தெரியும்போதுதான் விவகாரம் புரிகிறது.

பிராசஸருக்கு விலையும் பெயரும் எப்படி வைக்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது.

கரன்ட்டுக்கு ஒரு கணக்கு, சிப்புக்கு வேறு கணக்கு

ஒரு பொருளுக்கு எப்படி விலை கட்டுகிறார்கள் என்பது நெய்வேலிக்காரர்களுக்குப் புதிய விஷயம் அல்ல. என்.எல்.சி. அனல்மின் நிலையங்களில் இருந்து மாநில மின்வாரியங்களுக்குப் போகும் மின்சாரத்தின் விலையை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. எரிபொருள் செலவு, தேய்மானம், கடன் வட்டி, பராமரிப்புச் செலவு, அதற்கு மேல் முதலீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட லாபம் என ஒவ்வொன்றாகக் கூட்டி வருவதுதான் விலை. செலவு இவ்வளவு, அதனால் விலை இவ்வளவு.

பிராசஸர் சந்தையில் இந்தக் கணக்கு எடுபடாது. ஒரு புதிய சிப்பை வடிவமைக்கவும், அதைத் தயாரிக்கும் ஆலையைக் கட்டவும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் ஆகிறது. அந்தப் பணத்தைப் போட்ட பிறகு, கூடுதலாக ஒரு சிப் தயாரிக்க ஆகும் செலவு அதன் விற்பனை விலையோடு பார்த்தால் குறைவுதான். அதனால் 'இந்த சிப்புக்கு இவ்வளவு செலவாச்சு' என்ற இடத்தில் இருந்து நிறுவனங்கள் விலையைத் தொடங்குவதில்லை. 'இந்த வாடிக்கையாளர் எவ்வளவு கொடுப்பார், எதிராளி என்ன விலைக்கு விற்கிறார்' என்ற இடத்தில் இருந்துதான் தொடங்குகின்றன.

பத்தாயிரம் ரூபாய் கொடுப்பவருக்கும் ஒரு சிப் வேண்டும், அறுபதாயிரம் கொடுப்பவருக்கும் ஒரு சிப் வேண்டும். இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஆலை கட்ட முடியாது. இங்கேதான் சிப் உலகின் பெரிய தந்திரம் வருகிறது.

ஒரே வார்ப்பு, பல பெயர்கள்

நிலக்கரியில் ஜி1 முதல் ஜி17 வரை தரங்கள் உண்டு. தோண்டி எடுத்த பிறகு எரிதிறனை அளந்து, அதற்கேற்ப தரமும் விலையும் போடுகிறார்கள். சிப்பிலும் ஏறக்குறைய இப்படித்தான். வட்டமான சிலிக்கான் தட்டு ஒன்றில் ஒரே வடிவமைப்பில் நூற்றுக்கணக்கான சிப்கள் அச்சாகின்றன. எல்லாம் ஒன்று போல வருவதில்லை. சிலதில் ஒரு கோர் வேலை செய்யாது, சிலது அதிக வேகத்தில் சூடாகும், சிலது எந்தக் குறையும் இல்லாமல் வரும். இவற்றைச் சோதித்துப் பிரித்து, வெவ்வேறு பெயரில் வெவ்வேறு விலைக்கு விற்பார்கள். இதற்கு 'பின்னிங்' என்று பெயர்.

2022 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட 12-வது தலைமுறை பிராசஸர்களை எடுத்துக்கொள்வோம். ஐ3-12100 பிராசஸருக்கு 4 கோர், பட்டியல் விலை 122 டாலர். ஐ5-12400-க்கு 6 கோர், விலை 192 டாலர். இந்த வரிசைக்காக இன்டெல் வடிவமைத்த சிறிய சிப்பில் இருந்தது 6 கோர். அதில் இரண்டை அணைத்தால் ஐ3, ஆறும் ஓடினால் ஐ5. அதே ஐ5-12400-ல் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியை அணைத்துவிட்டு, பெயருக்குப் பின்னால் 'எஃப்' என்று ஓர் எழுத்தைச் சேர்த்து 167 டாலருக்கு விற்றார்கள்.

ஏ.எம்.டி. நிறுவனமும் இதையேதான் செய்கிறது. 8 கோர் கொண்ட ஒரு சிறு சிப்புதான் அதன் அடிப்படை. எட்டும் ஓடினால் ரைசன் 7. இரண்டை அணைத்தால் ரைசன் 5. அப்படி இரண்டு சிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 16 கோர் ரைசன் 9. அதே சிறு சிப்பைக் கூடுதலாக அடுக்கினால் டேட்டா சென்டர்களுக்குப் போகும் சர்வர் பிராசஸர்.

பழுதான பகுதியை அணைத்துவிட்டு மிச்சத்தைக் குறைந்த விலைக்கு விற்பது புத்திசாலித்தனம்தான். குப்பைக்குப் போக வேண்டியது ஒரு மாணவரின் மேசைக்கு வருகிறது. ஆனால் மலிவு பிராசஸருக்கு எவ்வளவு தேவை இருக்கிறதோ, அந்த அளவுக்குப் பழுதான சிப்கள் கிடைப்பதில்லை. அப்போது நன்றாக ஓடும் கோரையும் அணைத்து விற்க வேண்டியதாகிறது.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 1991-ல் இன்டெல் 486எஸ்.எக்ஸ். என்ற பிராசஸரைக் கொண்டுவந்தது. 486டி.எக்ஸ். என்ற விலை உயர்ந்த சிப்பில் தசமக் கணக்குகளைப் போடும் பகுதியை மட்டும் முடக்கினால் அதுதான் எஸ்.எக்ஸ்.! பிறகு அந்தக் கணக்குப் பகுதி வேண்டும் என்பவர்களுக்கு 487எஸ்.எக்ஸ். என்று தனியாக ஒரு சிப்பை விற்றார்கள். அதைப் பொருத்தினால் அது பழைய பிராசஸரை முழுவதுமாக அணைத்துவிட்டு, எல்லா வேலையையும் தானே பார்க்கும். காரணம், அதுவே ஒரு முழு 486டி.எக்ஸ். ஒரு வீட்டுக்கு இரண்டு பிராசஸர் விற்ற மாதிரி ஆச்சு.

2010-ல் இன்டெல் இன்னும் ஒரு படி மேலே போனது. பென்டியம் ஜி6951 என்ற பிராசஸரில் சில வசதிகளைப் பூட்டி வைத்து, 50 டாலருக்குக் கார்டு வாங்கி அதிலுள்ள எண்ணைத் தட்டினால் பூட்டு திறக்கும் என்றது. காசு கொடுத்து வாங்கிய சிப்புக்குள் இருப்பதைத் திறக்க இன்னொரு முறை காசா என்று கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஏ.எம்.டி. பக்கம் கதை நேர் எதிர். 2009 வாக்கில் வந்த ஃபீனம் 2 வரிசையில், 2 கோர் என்று விற்ற பிராசஸரை சில மதர்போர்டுகளில் போட்டு ஒரு செட்டிங்கை மாற்றினால், அதிர்ஷ்டம் இருந்தால் 4 கோரும் விழித்துக்கொண்டன. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்களுக்கு அது லாட்டரி அடித்த மாதிரி.

போட்டி வந்தால் மட்டும் இறங்கும் விலை

செலவு விலையைத் தீர்மானிக்கவில்லை என்றால் எது தீர்மானிக்கிறது? இதற்கு 2017-க்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பார்த்தால் போதும்.

2008 இறுதியில் முதல் ஐ7 வந்தது. அதில் 4 கோர். 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே-யிலும் அதே 4 கோர்தான், விலை 339 டாலர். 8 கோர் வேண்டும் என்றால் ஐ7-6900கே வாங்க வேண்டும், அது 1,089 டாலர். ஏன் இப்படி? ஏ.எம்.டி. அப்போது பந்தயத்திலேயே இல்லை. இன்டெல் அவசரப்பட வேண்டிய தேவை இல்லை, அவ்வளவுதான்.

2017 மார்ச் 2-ம் தேதி ஏ.எம்.டி. ரைசன் 7 1800எக்ஸ் பிராசஸரைக் கொண்டுவந்தது. 8 கோர், 499 டாலர். அதே ஆண்டு அக்டோபரிலேயே இன்டெல் 6 கோர் ஐ7-8700கே-யை 359 டாலருக்கு இறக்கியது. எட்டு ஆண்டுக்கு மேல் நகராத கோர் எண்ணிக்கை ஏழே மாதத்தில் நகர்ந்தது. 2019-ல் இன்னும் வேடிக்கை. 18 கோர் கொண்ட ஐ9-9980எக்ஸ்.இ. பிராசஸர் 1,979 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தபோது, அடுத்து வந்த 18 கோர் ஐ9-10980எக்ஸ்.இ.-க்கு இன்டெல் வைத்த விலை 979 டாலர். ஒரே வருடத்தில் சரியாக ஆயிரம் டாலர் குறைந்தது. தயாரிப்புச் செலவு ஒரே வருடத்தில் அப்படிப் பாதியாகிவிடாது.

இதைப் படித்துவிட்டு ஏ.எம்.டி. ஏழைப் பங்காளன் என்று நினைத்துவிட வேண்டாம். 2020 நவம்பரில் ரைசன் 5000 வரிசை வந்தபோது வேகத்தில் ஏ.எம்.டி. முந்தியது. உடனே விலையும் ஏறியது. முந்தைய ரைசன் 5 3600எக்ஸ் 249 டாலர், புதிய 5600எக்ஸ் 299 டாலர். மலிவு ரகமான சாதா 5600 கடைக்கு வரவே இல்லை. 2022 ஜனவரியில் இன்டெல்லின் ஐ5-12400எஃப் 167 டாலருக்கு வந்து சக்கைப்போடு போட்டது. அந்த ஏப்ரலில்தான் ஏ.எம்.டி.யிடம் இருந்து ரைசன் 5 5600 வந்தது, 199 டாலருக்கு. கூடவே 5500, 159 டாலருக்கு. யார் முன்னால் ஓடுகிறாரோ அவர் விலையை ஏற்றுகிறார், பின்தங்கியவர் தள்ளுபடி கொடுக்கிறார். இரண்டு நிறுவனங்களும் இந்த விஷயத்தில் ஒரே ரகம்.

டாலர், வரி, வாரன்டி: நெய்வேலி வந்து சேரும்போது விலை என்ன ஆகிறது?

மேலே சொன்ன டாலர் விலைகள் எல்லாம் பட்டியல் விலைகள். இன்டெல் தன் பட்டியலில் போடுவது ஆயிரம் எண்ணிக்கையில் வாங்கும் நிறுவனங்களுக்கான, வரி சேராத விலை. அங்கிருந்து இந்தியாவுக்கு வரும்போது டாலர் மதிப்பு முதல் வேலையைக் காட்டும்.

2022 ஜனவரியில் ஒரு டாலர் சுமார் 74 ரூபாய் 50 காசு. 167 டாலர் பிராசஸர் சுமார் 12,440 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறக்குறைய 14,700. 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. 90 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் அதே 167 டாலர் 15,030 ரூபாய், வரியோடு 17,700-க்கு மேல். அமெரிக்காவில் ஒரு சென்ட்கூட ஏறாமல், இங்கே 3,000 ரூபாய் ஏறிவிடுகிறது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றப்பட்டபோது பெரிய டி.வி., ஏ.சி.க்கு வரி குறைந்தது. கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே இருந்த 18 சதவீதமே தொடர்ந்தது.

டாலரும் வரியும் எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்கு மேல் விநியோகஸ்தர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஏறும். ஒரே மாடல் ஒரு கடையில் ஒரு விலையும் இன்னொரு கடையில் வேறு விலையும் இருப்பது அதனால்தான். நெய்வேலியில் இருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பஸ் ஏறி, சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் வாங்குபவர்களும் உண்டு. கடலூர், புதுச்சேரியில் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் எங்கே வாங்கினாலும் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதி விஷயம்தான் தெரியும். வாரன்டி மீதிப் பாதி.

இந்தியாவில் இது போட்டி ஆணையம் வரை போன விவகாரம். 2016 ஏப்ரலில் இன்டெல் ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. அதன்படி, இந்தியாவில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் வழியாக வாங்கிய பெட்டி பிராசஸர்களுக்குத்தான் இந்தியாவில் வாரன்டி கிடைத்தது. வெளிநாட்டில் முறைப்படி வாங்கி இறக்குமதி செய்த அசல் இன்டெல் பிராசஸராகவே இருந்தாலும், பழுதானால் வாங்கிய நாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. இதை எதிர்த்து மேட்ரிக்ஸ் இன்ஃபோ சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் செய்தது. வெளிநாட்டில் மலிவாக வாங்கி வந்து இங்கே குறைந்த விலைக்கு விற்கும் வழியை இந்த வாரன்டி விதி அடைத்துவிடுகிறது என்பதுதான் வாதத்தின் சாரம். முதல்பார்வையிலேயே விசாரிக்க வேண்டிய விஷயம் என்று கருதிய ஆணையம், 2019 ஆகஸ்டில் விசாரணைக்கு உத்தரவிட்டது.

வாரன்டி என்ற பெயரில் எழுதப்படும் ஒரு வரி, ஒரு நாட்டின் விலையை இன்னொரு நாட்டின் விலையில் இருந்து பிரித்து வைக்கும் வேலியாகவும் நிற்க முடியும் என்பதை இந்தப் புகார் காட்டுகிறது.

வாங்குபவர்களுக்கு இதில் நேரடியான சங்கதி ஒன்று உண்டு. பிராசஸர் இரண்டு விதமாக விற்கப்படுகிறது: சீல் வைத்த பெட்டியில் வருவது ஒன்று, கம்ப்யூட்டர் தயாரிப்பவர்களுக்கு மொத்தமாகத் தட்டில் அடுக்கி வரும் 'டிரே' பிராசஸர் இன்னொன்று. டிரே விலை கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனால் அதற்கு வாரன்டி தர வேண்டியது விற்றவர். இன்டெல் கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் 'வாங்கின இடத்துல கேளுங்க' என்பார்கள். 2024-ல் இன்டெல்லின் 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறு வந்து கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோன பிரச்சினை வெடித்தது. அப்போது இன்டெல் வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. பெட்டியும் பில்லும் கையில் வைத்திருந்தவர்கள் நேராகப் போய்க் கேட்க முடிந்தது.

சரி, அந்தப் பாதி விலை 'ஐ5' என்ன கதை?

இப்போது முதல் கொட்டேஷனுக்கு வருவோம். ஐ3, ஐ5, ஐ7 என்பவை வேகத்தின் அளவுகோல் அல்ல. அந்தந்த வருடத்துக் கடை அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லும் பெயர்கள். சினிமா தியேட்டரில் முதல் வகுப்பு டிக்கெட் என்பது போலத்தான். எந்த தியேட்டர் என்று தெரியாமல் வகுப்பை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

எந்த வருடம் என்பதை பெயருக்குப் பின்னால் வரும் எண் சொல்லும். ஐ5-3470 என்றால் 3-வது தலைமுறை, 2012-ல் வந்தது. ஐ5-12400 என்றால் 12-வது தலைமுறை, 2022. இடையில் பத்து வருடம். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த பழைய டெஸ்க்டாப்களைத் துடைத்து, புது எஸ்.எஸ்.டி. போட்டு 'ரீஃபர்பிஷ்டு' என்று விற்பது நாடு முழுக்க நடக்கும் வியாபாரம். பழையது என்று சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை. டைப்பிங், பில் போடுவது போன்ற வேலைக்கு அது தாராளம். எண்ணைச் சொல்லாமல் 'ஐ5' என்று மட்டும் சொல்லி விற்கும்போதுதான் வில்லங்கம்.

பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரே ஆண்டில் வந்த இரண்டு பிராசஸர்களே சாட்சி. 2017 ஜனவரியில் வந்த ஐ5-7400: 4 கோர், 182 டாலர். அதே 2017 அக்டோபரில் வந்த ஐ3-8100: அதுவும் 4 கோர், அடிப்படை வேகம் இன்னும் அதிகம், விலை 117 டாலர். ரைசன் கொடுத்த அடியில் நேற்றைய ஐ5 இன்றைய ஐ3 ஆகிவிட்டது. இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு வைத்த விதிப்படி, சில விதிவிலக்குகள் தவிர இன்டெல்லில் 8-வது தலைமுறை முதல்தான் ஏற்கப்படும். அதனால் ஐ3-8100 பட்டியலில் இருக்கிறது, ஐ5-7400 இல்லை. ஏ.எம்.டி.யில் பொதுவாக ரைசன் 2000 வரிசையில் இருந்து.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஆக, 3-வது, 4-வது தலைமுறை ஐ5-யை இன்று வாங்கினால், பாதுகாப்பு அப்டேட் முறையாக வராத கம்ப்யூட்டரை வாங்குவதாகவே அர்த்தம். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறோம் என்பார்கள். ஏறும், ஆனால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. லினக்ஸ் தெரிந்த பிள்ளை என்றால் கவலை இல்லை, அதில் பழைய ஐ5 இன்னும் சில வருடம் நன்றாகவே உழைக்கும். நான்கு வருடப் படிப்புக்கு விண்டோஸ் வேண்டும் என்றால், விலை அதிகமான அந்த ஐ3 கொட்டேஷன்தான் உண்மையில் லாபம். 4 கோரில் 8 இழைகள் ஓடும் ஐ3-12100-க்கு முன்னால், 4 இழை மட்டுமே ஓடும் ஐ5-3470 நிற்கவே முடியாது.

பிராசஸர் மலிவு, மற்றது?

புதியது வாங்கும்போதும் சில இடங்களில் கால் வழுக்கும். கொட்டேஷனில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்த பிராசஸரில் கிராஃபிக்ஸ் இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடாவிட்டால் மானிட்டரில் படமே வராது. இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று எஃப் வாங்கி, பிறகு கார்டுக்கு அலைந்தவர்கள் நிறைய. ரைசன் 5 5600-க்கும் இதே கதிதான். பெயரில் 'ஜி' என்று முடியும் 5600ஜி-யில் கிராஃபிக்ஸ் உண்டு.

அடுத்தது மதர்போர்டு. இன்டெல்லின் 12, 13, 14-வது தலைமுறைகள் ஒரே சாக்கெட்டில் உட்காரும், 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு வேறு சாக்கெட். ஏ.எம்.டி. 2016-ல் கொண்டுவந்த ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு 2022-க்குப் பிறகும் புது பிராசஸர்கள் வந்தன. 2022-ல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டை 2027-க்கு மேலும் தொடரப்போவதாக அறிவித்திருக்கிறது. பிராசஸரில் ஆயிரம் ரூபாய் குறைந்து, போர்டில் இரண்டாயிரம் கூடினால் யாருக்கு லாபம் என்பதைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

2025 இறுதியில் இந்தக் கூட்டலையே ரேம் புரட்டிப் போட்டுவிட்டது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை உலகம் முழுக்க எகிறியது. மைக்ரான் நிறுவனம் டிசம்பரில், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு 'குரூஷியல்' பெயரில் விற்று வந்த வியாபாரத்தில் இருந்தே விலகுவதாக அறிவித்தது. ஏ.எம்.5, கோர் அல்ட்ரா 200 இரண்டுக்கும் டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே பொருந்தும். 12 முதல் 14-வது தலைமுறை இன்டெல்லுக்கு டி.டி.ஆர்.4 போடும் போர்டுகளும் உண்டு, ஏ.எம்.4-க்கு டி.டி.ஆர்.4 மட்டும்தான். வீட்டில் பழைய டி.டி.ஆர்.4 ரேம் கிடந்தால் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பில் போடும்போது 'ஐ5 கம்ப்யூட்டர் - 1' என்று எழுதினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பிராசஸரின் முழு மாடல் எண், பெட்டியா டிரேயா, மதர்போர்டின் பெயர், ரேம் வகை நான்கையும் எழுதச் சொல்லலாம். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் எது என்று தெரிய வேண்டுமானால், விண்டோஸ் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குள் 'அபவுட்' என்பதைத் திறந்தால் பிராசஸரின் முழுப் பெயரும் எண்ணோடு தெரியும்.